சொஸ்தமான கால்

என் வீட்டுக்காரர் சபையில் சாட்சி சொன்ன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருப்பேன்.

ஞாயிறுதான் எனக்கு வேலை அதிகம். பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து ஹீலிங் சென்டர் நடத்துகிறார்கள். பெருக்குவது, துடைப்பது, பாய் விரிப்பது, வந்தவர்கள் போனதும் பாயைச் சுருட்டுவது எல்லாம் நான். வருகிறவர்கள் உடம்பில் ஒரு கீறல்கூட இருக்காது. கண்ணை மூடிப் படுப்பார்கள். ஒரு பெண் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டித் தட்டி அவர்கள் தலைமாட்டில் சுற்றி வருவாள். சிலர் அழுவார்கள். எழுந்து இஞ்சி டீ குடித்துவிட்டு, "ஐ ஆம் ஹீலிங்" என்பார்கள். போன வருடம் வந்தவர்கள் இந்த வருடமும் அதையே சொல்கிறார்கள். சிம்மில் வைத்த பால் மாதிரி. காய்ந்துகொண்டே இருக்கும், பொங்காது, யாரும் இறக்கவும் மாட்டார்கள்.

அன்று மத்தியானம் நான் ஜீவனஹள்ளிக்குத் திரும்பி வந்தால், மனிதர் கட்டிலில் ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எங்கள் வீடு ஒரே அறை, ஓரத்தில் சமையல் மேடை. அதற்குள் யாரும் ஷூவோடு உட்காருவதில்லை.

"இன்னா இது, வீட்டுக்குள்ள ஷூ?"

"சாட்சி சொல்லிட்டேன்மே."

"இன்னா சாட்சி?"

"கால் சொஸ்தமாயிடுச்சுன்னு."

எனக்கு அடுப்பில் கை வைத்த மாதிரி ஆகிவிட்டது.

அவர் பிளம்பர். ஒரு அப்பார்ட்மென்டில் குழாய் மாட்டும்போது ஒரு ஸ்க்ரூ செருப்பைத் துளைத்து வலது பாதத்தில் ஏறியிருக்கிறது. அது தெரியாமல் சாயங்காலம் வரை அதன் மேலேயே நடந்திருக்கிறார். வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்துக் கத்தியது நான்தான். சர்க்கரைக்காரர் கால். பிடுங்கி மஞ்சள் வைத்தால் போகிற காயமா அது? குழி விழுந்தது. ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸிங் போட்டு வந்தோம். "மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரியுதுமே" என்று பாதத்தைச் சுவரில் தேய்ப்பார். டிரஸ்ஸிங் போடுகிற நர்ஸ் கன்னடக்காரம்மா. ஒவ்வொரு தடவையும் கட்டை அவிழ்த்துப் பார்த்து, "இன்னும் வாசி ஆகில்லா" என்று உதட்டைப் பிதுக்குவாள்.

இந்த ஒரு காரியத்துக்கு எங்கள் பக்கத்தில் எத்தனை வார்த்தை. அந்தம்மாவுக்கு வாசி. மருந்துக்கடை பாய் களிம்பைக் கொடுக்கும்போது, "அல்லா ஷிஃபா தேகா" என்பார். டாக்டர் ஹீல் ஆகணும் என்பார். நான் கத்தோலிக்க வீட்டுப் பெண், சிவாஜிநகரில் பிறந்தவள். எங்களுக்கு மாதா குணம் கொடுப்பாள். அவருடைய சபையில் சொஸ்தம். எனக்கு வாயில் வருவது ஒன்றுதான்: ஆறிச்சா, ஆறலையா. வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. புண்தான் ஆறவில்லை.

பிறகு ஒரு உபவாச ஜெபத்தில் பாஸ்டர் அவர் காலைத் தொட்டு ஜெபித்தார். அந்த வாரமே எரிச்சல் நின்றது. சுத்தமாக நின்றது. நன்றாகத் தூங்கினார். நான்கூடச் சந்தோஷப்பட்டேன். வலி போனால் நோய் போகிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். பொய்யாக இருந்திருந்தால் பிடித்து உலுக்கியிருப்பேன். அந்த மனிதர் மேடையேறி, மைக்கைப் பிடித்து, தனக்கு நடந்ததைத்தான் சொல்லியிருக்கிறார்: வலி போய்விட்டது, கர்த்தர் என்னைச் சொஸ்தமாக்கிவிட்டார். எல்லோரும் கை தட்டி அல்லேலூயா சொல்லியிருக்கிறார்கள். அதுவரை பாதி திறந்த செருப்பில் கட்டோடு வந்தவர், அன்றைக்குப் பையில் ஷூ எடுத்துப்போய், சாட்சி முடிந்ததும் எல்லோர் முன்னாலும் மாட்டியிருக்கிறார்.

"சரி, நாளைக்கு டிரஸ்ஸிங்குக்குப் போவணும்" என்றேன்.

"இனிமே எதுக்கு?"

"இன்னா எதுக்கு? குழி அப்படியே கீதுல்ல?"

"அவிசுவாசமா பேசாத."

சபைக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது. யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். சொஸ்தமானேன் என்று சாட்சி சொன்ன பிறகு அந்த நோயின் பெயரை வாயில் எடுக்கக்கூடாது. மருந்து தேடினால் சந்தேகப்பட்டதாக அர்த்தம். சந்தேகப்பட்டால் கிடைத்தது திரும்பிப் போய்விடும். கண்ணில் தெரிவதைப் பார்க்கக்கூடாது, வாயில் சொன்னதைத்தான் பார்க்க வேண்டும். இப்படி ஒரு சட்டம் எந்த ஆஸ்பத்திரியில் இருந்தால் ஒருத்தன் உயிரோடு வெளியே வருவான்?

அவர் டிரஸ்ஸிங்குக்குப் போகவில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன், சாப்பாடு போடமாட்டேன் என்றேன். ஓசூரில் இருக்கிற எங்கள் பெண்ணை விட்டுப் பேசச் சொன்னேன். போனை வாங்கி, "நல்லாருக்கேன்டா கண்ணு, அம்மாவுக்கு வேற வேலையில்ல" என்று வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை போடுகிற அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதே சபைதான். அவளுக்கு ஒரே பையன். பைக்கில் போய் லாரிக்காரனிடம் அடிபட்டு, தலையில் ஆபரேஷன் ஆகி, அன்றிலிருந்து படுக்கையில்தான். கண் திறந்திருக்கும். யாரையும் தெரியாது. குழாயில் கஞ்சி. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்து படி இறங்கும்போது அவள் என் வீட்டுக்காரர் முன்னால் வந்து நிற்பாளாம்.

"கால் எப்படி இருக்குதுண்ணே?"

அவர் பதில் சொல்லமாட்டார். வலது காலைத் தூக்கி சிமெண்ட் தரையில் ஓங்கி மிதிப்பார். தொம் என்று. பிறகு இன்னொரு தரம். "பாத்தியாம்மா? எனக்குச் செஞ்சவர் உம் பையனுக்குச் செய்யமாட்டாரா?" அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போவாளாம். ஒரு ஞாயிறு வேலை சீக்கிரம் முடிந்து நான் அந்தப் பக்கம் வந்தபோது என் கண்ணாலேயே பார்த்தேன். அவர் மிதிக்கிறார். சுற்றி நிற்கிறவர்கள் ஸ்தோத்திரம் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் அந்தக் குழிதான் ஞாபகத்துக்கு வந்தது. குழிக்குள் சதை.

அதற்குப் பிறகு அவர் தன் சாக்ஸைத் தானே துவைக்க ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட நனைக்காத மனிதர். பாத்ரூமில் குந்தி சோப்புப் போட்டுத் தேய்க்கிறார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பவுடர் டப்பா சீக்கிரம் தீர்ந்தது. ஷூவுக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறார். வீட்டில் சாம்பிராணி போடச் சொன்னார். அல்லேலூயாக்காரர், என்னுடைய சாம்பிராணியை இத்தனை வருடம் கேலி செய்தவர், "கொஞ்சம் புகை போடேன், கொசு இருக்குது" என்கிறார்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் குறட்டை விட்டார். நான் ஷூவைக் கழற்றினேன். முழிக்கவில்லை. சாக்ஸை உருவினேன். முழிக்கவில்லை. சாக்ஸோடு தோலும் கொஞ்சம் வந்தது. அப்போதும் முழிக்கவில்லை. சுண்டுவிரல் கத்தரிக்காய் நிறம். குழி பழைய குழி இல்லை, பாதத்தின் பாதி. நாற்றத்தைப் பற்றிச் சொல்லமாட்டேன். நான் விரலால் ஓரத்தை அழுத்தினேன். அவர் குறட்டை ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. கத்தாத காலைப் பார்த்து நான் கத்தினேன்.

எழுந்து முதலில் போர்வையை இழுத்து மூடினார்.

"யோவ், கால் அழுகிடுச்சுய்யா!"

"வலியே இல்லமே. வலி இல்லாத புண்ணு இன்னா புண்ணு?"

"உனக்குப் பைத்தியம் புடிச்சுக்கிச்சா? எழுந்திரு, ஆட்டோ புடிக்கிறேன்."

"வரமாட்டேன்."

"ஏன்?"

அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "நான் கட்டுப் போட்டுக்கினு தெருவுல நடந்தா, அந்த இட்லிக்கார அம்மா இன்னா பண்ணும்? அது என் காலைப் பார்த்துத்தான் எழுந்து அடுப்பு பத்தவைக்குது."

எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. இந்த மனிதருக்குக் கர்வம் என்று நினைத்திருந்தேன், பயம் என்று நினைத்திருந்தேன். இல்லை. அவர் அடுத்தவள் பிள்ளைக்காகத் தன் காலை ஷூவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார். கர்வக்காரனை அடக்கலாம், பயந்தவனைத் தேற்றலாம். இவரை என்ன செய்வது?

பாஸ்டரிடம் போனேன். நல்ல மனிதர்தான், சும்மா குறை சொல்லக்கூடாது. சபை ஒரு வீட்டு மாடியில், தகரக் கூரை. அதற்குக் கீழேயே அவர் குடியிருக்கிறார். நான் போனபோது சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்கன்னு நான் எப்ப சிஸ்டர் சொன்னேன்? நானே பிரஷருக்கு மாத்திரை சாப்புடறேன், பாருங்க."

"அதை மேடையில சொல்லுங்கய்யா."

தண்ணீரைக் குடித்தார்.

"சொல்லலாம். ஆனா சாட்சி சொன்னவங்க நெறைய பேர் இருக்காங்க சிஸ்டர். இவருக்குன்னு சொன்னா எல்லாருக்கும் சொன்ன மாதிரி ஆயிடும்."

"ஆவட்டுமே."

"விசுவாசம் ஒடைஞ்சிடும்."

"கால் ஒடைஞ்சா பரவால்லயா?"

அதற்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு என் கூடவே வீட்டுக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "பிரதர், வைத்தியரும் கர்த்தர் கொடுத்தவர்தான். போய் ஒரு தரம் காட்டிட்டு வாங்க" என்று தெளிவாகச் சொன்னார். என் காதால் கேட்டேன்.

என் வீட்டுக்காரர் அவரை உற்றுப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "ஐயா, என்னைச் சோதிக்கிறீங்க" என்றார்.

"இல்ல பிரதர், நெஜமாத்தான்."

"தெரியுதுங்கய்யா. நான் அசையமாட்டேன்."

பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் பாஸ்டரைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவர் கத்தியிருக்க வேண்டும், மேசையைத் தட்டியிருக்க வேண்டும். ஆனால் தன் ஆட்களில் ஒருவனுக்கு இவ்வளவு விசுவாசம் இருப்பதைப் பார்த்து அவர் கண் கலங்கிவிட்டது. தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனார். வாசல் வரை போய், "யோவ், ஆமென் சொல்லவா உன்னைக் கூட்டிக்கினு வந்தேன்?" என்று நான் பின்னால் இரைந்தது தெருவுக்கே கேட்டிருக்கும்.

சென்டரை நடத்துகிற மேடம் நான் முகம் வீங்கி வருவதைப் பார்த்துக் கேட்டாள். சொன்னேன். யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்று பார்க்கிற நிலையெல்லாம் போய்விட்டது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவருக்குள்ள ரெசிஸ்டன்ஸ் இருக்குதுக்கா. ஹீலிங்குக்கு அவர் இன்னும் ரெடியாகல. டைம் குடுங்க" என்றாள். ஒரு நாள் கூட்டி வாருங்கள், கிண்ணத்தின் ஓசை நல்லது செய்யும் என்றாள். அவள் கெட்டவள் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் கையை உருவிக்கொண்டு பாய் சுருட்டப் போனேன். அழுகுகிற சதைக்கு டைம் கொடுத்தால் அது என்ன செய்யும் என்று அவளுக்கு யார் சொல்வது?

அங்கிருந்து நேராக சிவாஜிநகர் பஸ் ஏறினேன். மாதா கோயில் வாசலில் தகட்டில் செய்த கை, கால், கண், பிள்ளை எல்லாம் விற்பார்கள். எந்த உறுப்பில் நோயோ அதை வாங்கிக் காணிக்கை வைக்க வேண்டும். நான் சிறு வயதில் வைத்ததோடு சரி.

"கால் ஒண்ணு குடும்மா."

கடைக்காரி நிமிராமல் கேட்டாள்: "இடதா, வலதா?"

"வலது."

டப்பாவைக் கிளறி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நான் டப்பாவில் கிடந்த மற்றதையும் பார்த்தேன். "எல்லாம் ஒண்ணாத்தானே கீது?"

"மாதாவுக்குத் தெரியும். நீ வையி."

வைத்தேன். மண்டியிட்டேன். ஜெபம் வரவில்லை. "அந்த ஆளுக்கு வலியைக் குடு, தாயே" என்றுதான் வந்தது. கட்டின புருஷனுக்கு வலி கேட்டு மெழுகுவத்தி ஏற்றியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பக்கத்தில் ஒரு பெண் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபோதுதான் என் மண்டையில் உறைத்தது, நான் போகவேண்டிய இடம் இது இல்லை என்று.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. இட்லிக் கடைக் கூட்டம் கலைகிற வரை எதிர்ப்பக்கம் நின்றேன். அக்கா தட்டுகளை அலசிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லேன்."

"எங்க வீட்டுக்காரர் கால் சொஸ்தமாகல. அழுகிப் போச்சு. ஷூவுக்குள்ள மூடி வெச்சிருக்கிறார்."

அவள் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த தட்டை எடுத்தாள். நான் அவள் நம்பிக்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன். எப்படி அழுவாளோ, என்ன சாபம் விடுவாளோ என்று நின்றேன்.

"தெரியும்" என்றாள்.

"இன்னாது?"

"நாத்தம் தெரியாதா எனக்கு? என் பையனுக்கு முதுகுல படுக்கைப்புண்ணு வந்தப்ப இதே நாத்தம்தான். எவ்ளோ பவுடர் போட்டாலும் அடியில இருந்து வரும்."

எனக்கு அவளை அறையக் கை எழுந்தது. "தெரிஞ்சுக்கினா வாரா வாரம் கேட்ட? தெரிஞ்சுக்கினா அந்தக் காலை மிதிக்க வெச்ச?"

"நான் மிதிக்கச் சொல்லல. அவரா மிதிச்சார்."

"வேணாம்னு சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் தண்ணீரில் கையை வைத்தபடியே இருந்தாள். "சொல்லியிருக்கலாம். அவர் மிதிக்கறப்ப அந்தச் சத்தம் கேக்குது பாரு. அந்த ஒரு நிமிஷம் என் பையனும் எழுந்து நிப்பான்னு தோணும். மத்த நாளெல்லாம் தோணாது. வாய் வரலடி."

நான் தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒருத்தி நம்புவதற்காக ஒருவர் மிதிக்கிறார். அவர் மிதிப்பதற்காக ஒருத்தி கேட்கிறாள். இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் தெரியும். நடுவில் என் வீட்டுக் கால் நசுங்கிக்கொண்டிருக்கிறது.

"எழுந்து வா" என்றேன். "வந்து அவர்கிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா கேக்கல, பாஸ்டர் சொன்னா கேக்கல."

மறுக்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள்.

அவளை வாசலில் பார்த்ததும் என் வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து எழுந்தார். எழுந்து காலைத் தூக்கினார், மிதிக்க. அவள் ஓடிப்போய் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "வேணாண்ணே, வேணாம்." அப்படியே தரையில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்தாள். நான் தொட்டிருந்தால் உதைத்திருப்பார். அவளை உதைக்க முடியவில்லை. சாக்ஸைக் கழற்றி, பாதத்தைத் தன் மடியில் வைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை.

"அழுகிடுச்சுண்ணே. கெளம்புங்க."

"உம் பையன்…"

"என் பையன் என் பையன்தான். அவன் உங்க கால்ல நிக்கல. கெளம்புங்கன்றேன்."

அவர் குழந்தை மாதிரி அழுதார். ஆட்டோவில் நடுவில் அவர், இரண்டு பக்கமும் நாங்கள். டிரைவர் ஒருமுறை திரும்பிப் பார்த்து மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பையன். பாதத்தின் அடியில் ஒரு மெல்லிய கம்பியால் தொட்டு, "தெரியுதா அங்கிள்? இங்க? இங்க?" என்று கேட்டுக்கொண்டே போனார். முழங்காலுக்குக் கிட்டே வந்த பிறகுதான் இவர் ம் என்றார்.

"எரிச்சல் நின்னப்ப நல்லாயிடுச்சுன்னு நினைச்சீங்களா?"

"ஆமா சார்."

"நரம்பு செத்துப்போச்சு அங்கிள். அதான் நின்னுச்சு. வலிச்சிருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பீங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரையும் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்தார். கூட இருந்து கழுத்தறுத்தவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

விரலோடு போகும் என்றார்கள். பாதத்தோடு என்றார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். சீழ் மேலே ஏறிவிட்டதாம், கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பாதியாவது நின்றிருக்குமாம். எல்லோரும் இதை ஒரே வார்த்தையில் சொல்கிறார்கள், லேட். எனக்குத் தெரியாதா லேட் என்று? நான்தானே அந்த நாற்றத்தில் குடும்பம் நடத்தினேன்?

வார்டுக்குச் சபைக்காரர்கள் ஆரஞ்சும் ஆப்பிளும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். ஒரு பிரதர், "உயிரைக் காப்பாத்திக் குடுத்தாரே, அதுவே பெரிய சொஸ்தம்" என்றார். பின்னால் நின்றவர்கள் ஆமென் என்றார்கள். ஒரு கால் போன பிறகும் அந்த வார்த்தையை அவர்கள் விடவில்லை. வெட்டிப் போட்ட இடத்திலேயே மறுபடி நட்டுவிட்டார்கள். "வெளிய போங்க" என்றேன். "பழத்தையும் எடுத்துக்கினு போங்க." பாஸ்டர் மட்டும் பாடவில்லை. கதவோரம் நின்றிருந்தார். அடுத்த ஞாயிறு அவர் மேடையில் மாத்திரை டப்பாவைத் தூக்கிக் காட்டி, நான் தினம் இதைச் சாப்பிடுகிறேன், நீங்களும் சாப்பிடுங்கள் என்று சொன்னாராம். சிலர் சபை மாறிப் போய்விட்டார்களாம். இட்லிக்கார அக்கா சொன்னாள். அவள் இன்னும் அங்கேதான் போகிறாள். பையன் இன்னும் அப்படியேதான் படுத்திருக்கிறான்.

என் வீட்டுக்காரர் இப்போது வீட்டில் இருக்கிறார். வெட்டிய இடம் மூடிவிட்டது. வாசி ஆய்த்து என்று அதே நர்ஸம்மா முதுகைத் தட்டிக் கொடுத்தாள். ஊன்றுகட்டையில் பாத்ரூம் வரை போகிறார், வருகிறார். சபைக்குப் போகவில்லை, பாட்டும் இல்லை. கேட்டால், "என் வாயால நான் எதையும் சொல்லமாட்டேன் இனிமே" என்கிறார். நான் வேலைக்குக் கிளம்பும்போது தண்ணீர், மாத்திரை, போன் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போகிறேன். சென்டரில் பாயைச் சுருட்டும்போதெல்லாம் கால் கால் என்றே மண்டைக்குள் ஓடுகிறது. போனது இல்லை, இருப்பது.

முழு உடம்பும் இப்போது இடது காலின் மேல் நிற்கிறது. அதுவும் அதே சர்க்கரைக் கால்தான். தினம் பார்க்க வேண்டும், விரல் இடுக்கு, குதிகால், எல்லாம் பார்க்க வேண்டும், சிவந்திருந்தாலே கூட்டி வாருங்கள் என்று அந்தச் சின்ன டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லி அனுப்பினார். முதல் கொஞ்ச நாள் காட்டினார். பிறகு, பார்த்தாச்சு என்றார். பிறகு, நானே பார்த்துக்கொண்டேன் என்றார். நேற்று நான் வந்தபோது வெயில் கொளுத்துகிறது, மனிதர் இடுப்பு வரை போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"காலைக் காட்டு."

"ஒண்ணுமில்லமே. நல்லாத்தான் கீது."

"காட்டுன்னு சொன்னேன்."

"நல்லாத்தான் கீதுன்றேன்ல!"

போர்வையின் ஒரு முனையைப் பிடித்தேன். அவர் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிளம்பர் கை, இன்னும் இரும்புதான். "விடுய்யா" என்றேன். "நீ விடுடி" என்றார். போர்வை கிழிந்தாலும் சரி என்று கட்டில் சட்டத்தில் என் காலை முட்டுக்கொடுத்து இழுத்தேன். அவர் அழுதுகொண்டே தன் பக்கம் இழுத்தார். நான் விடவில்லை.